ஆம்ப்புக்குப் போகும் ஒயர் பாதி, திரும்பி வரும் எர்த் மீதி

வாசகர் ஒருவரின் கேள்வி சுருக்கமாக இதுதான். அவர் காரின் டிக்கியில் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் இருக்கின்றன. ஒன்று கதவு ஸ்பீக்கர்களுக்கு: நான்கு சேனல், சேனலுக்கு 75 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்), கிளாஸ் ஏபி வகை. மற்றது சப்வூஃபருக்கு: 500 வாட் மோனோ, கிளாஸ் டி. பேட்டரி முன்னால் பானெட்டுக்குள். 8 கேஜ் ஒயரிங் கிட் ஒன்றை வாங்கிப் போட்டு (கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிக்கும்), எர்த்தை, அதாவது கரண்ட் பாடி வழியாகத் திரும்பும் ஒயரை, பின்சீட் பிராக்கெட்டின் திருகில் கட்டியிருக்கிறார். பேஸ் விழும்போது ஹெட்லைட் மங்குகிறது. சத்தத்தைக் கூட்டினால் மோனோ ஆம்ப் புரொடெக்ட் விளக்கைப் போட்டுவிட்டு நின்றுபோகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் ஒரு கீச்சொலி எஞ்சினோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. கரண்டைச் சேமித்து வைத்துச் சட்டெனத் தரும் கெப்பாசிட்டர் போட்டால் சரியாகுமா என்று கேட்கிறார்.

ஆகாது. பாசிட்டிவ் ஒயரையும் எர்த்தையும் இரண்டையுமே மாற்ற வேண்டும். எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதைக் கணக்கே சொல்லும்.

ஆம்ப் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்பதைப் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 'மேக்ஸ்' வாட்டை வைத்துக் கணக்கிடக்கூடாது. ஆர்எம்எஸ் வாட்டை எடுத்து, ஆம்ப்பின் திறனால் (இழுக்கும் சக்தியில் ஸ்பீக்கருக்குப் போகும் பங்கால்) வகுத்து, பிறகு வோல்ட்டால் வகுக்க வேண்டும். கிளாஸ் ஏபி என்றால் திறன் ஏறத்தாழ 60 சதவீதம், கிளாஸ் டி என்றால் 80. எஞ்சின் ஓடும்போது 13.8 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். நான்கு சேனல் ஆம்ப்: 300 வாட்டை 0.6-ஆல் வகுத்தால் 500, அதை 13.8-ஆல் வகுத்தால் 36 ஆம்பியர். மோனோ: 500-ஐ 0.8-ஆல் வகுத்தால் 625, அதிலிருந்து 45 ஆம்பியர். இரண்டும் சேர்ந்து 80-ஐத் தொடுகிறது. பாட்டில் இது எந்நேரமும் ஓடாது, சராசரி இதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் பேஸ் விழும் அந்தக் கணத்தில் ஒயர் இந்த 80-ஐக் கொடுத்தாக வேண்டும்.

இனி ஒயர். சுத்தமான செம்பில் 8 கேஜ் ஒயரின் ரெசிஸ்டன்ஸ் மீட்டருக்கு 2 மில்லி ஓம் சொச்சம். 4 கேஜ் என்றால் 0.8. ஒன்-பை-ஜீரோ (1/0, 4 கேஜைவிடத் தடித்தது) என்றால் 0.32. பேட்டரியிலிருந்து டிக்கிவரை வளைந்து நெளிந்து போக 5 மீட்டர் ஆகும் என்று கொண்டால், 80 ஆம்பியருக்கு 8 கேஜில் 0.8 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. 4 கேஜில் 0.33 வோல்ட். ஒன்-பை-ஜீரோவில் 0.13. தொலைவது வோல்ட் மட்டுமல்ல. 0.8 வோல்ட்டை 80 ஆம்பியரால் பெருக்கினால் 64 வாட், அத்தனையும் கார்ப்பெட்டுக்கு அடியில் சூடாக மாறுகிறது.

இது செம்புக்கான கணக்கு. கிட்டாக விற்கும் ஒயர்களில் பெரும்பகுதி செம்பு பூசிய அலுமினியம். அலுமினியம் செம்பில் 61 சதவீத அளவுக்குத்தான் கரண்டைக் கடத்தும். அதனால் அதே தடிமனில் இழப்பு ஒன்றரை மடங்குக்குமேல் போகும்: 8 கேஜில் கிட்டத்தட்ட 1.3 வோல்ட். கண்டுபிடிப்பது சுலபம். ஒயரைக் கையில் எடுத்தால் எடையே இருக்காது. நுனியில் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். இன்னொன்றையும் கவனியுங்கள். சில ஒயர்களில் மேலுறை மட்டும் தடிமனாக இருக்கும், உள்ளே இருக்கும் உலோகம் குறைவு. 4 கேஜ் என்றால் உலோகம் மட்டுமே 21 சதுர மி.மீ. இருக்க வேண்டும், 8 கேஜ் என்றால் 8.4. கேஜ் எண்ணை நம்பாமல் சதுர மி.மீ. பார்த்து வாங்குவது நல்லது. அலுமினியம் கலந்ததுதான் கிடைக்கிறது என்றால் இரண்டு கேஜ் தடிமன் கூட்டிக்கொள்ளுங்கள்: 4 வேண்டிய இடத்தில் 2. உங்கள் அமைப்புக்குச் செம்பு 4 கேஜ் போதும். பின்னாளில் இன்னும் பெரிய மோனோ போடும் எண்ணம் இருந்தால் இப்போதே ஒன்-பை-ஜீரோ இழுத்துவிடலாம். கார்ப்பெட்டை இரண்டு தடவை பிரிக்கும் வேலை மிச்சம்.

அடுத்து ஃபியூஸ். பலர் குழம்புவது இங்கேதான். பேட்டரி பக்கத்தில் போடும் ஃபியூஸ் ஆம்ப்பைக் காப்பதற்கு இல்லை, அதற்கு ஆம்ப்பிலேயே ஃபியூஸ் இருக்கிறது. இது ஒயரைக் காப்பதற்கு. வழியில் எங்காவது உறை தேய்ந்து ஒயர் பாடியைத் தொட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஃபியூஸ் இல்லாவிட்டால் ஒயரே ஹீட்டர் காயிலாகிவிடும். கார் தீப்பிடிப்பது இப்படித்தான். ஆகவே ஃபியூஸ் பேட்டரி பாசிட்டிவிலிருந்து 45 செ.மீ.க்குள் இருந்தாக வேண்டும். அந்த 45 செ.மீ. ஒயருக்கு எந்தக் காவலும் இல்லை என்பதை நினைவில் வைத்து, அதை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள், நெளிகுழாய்க்குள் போடுங்கள். ஃபியூஸ் மதிப்பு ஒயர் தாங்கும் அளவைத் தாண்டக்கூடாது. இரண்டு ஆம்ப்களிலும் உள்ள ஃபியூஸ்களின் கூட்டுத்தொகையையும் தாண்டத் தேவையில்லை. நான்கு சேனலில் 25 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு, மோனோவில் 30 ஆம்பியர் இரண்டு என்றால் கூட்டுத்தொகை 110. செம்பு 4 கேஜுக்கு 100 ஆம்பியர் ஏஎன்எல் ஃபியூஸ் சரியாகப் பொருந்தும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று 150-ஐச் செருகாதீர்கள். ஏன் போகிறது என்று பாருங்கள்.

ஃபியூஸ் ஹோல்டர் உருகி ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால் கரண்ட் அதிகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் உள்ளே ஒயரைப் பிடிக்கும் திருகு தளர்ந்திருக்கும். தளர்ந்த இடத்தில் ரெசிஸ்டன்ஸ், ரெசிஸ்டன்ஸில் சூடு, சூட்டில் இன்னும் தளர்வு என்று அது தானாகவே வளரும். கண்ணாடிக் குழல் வடிவ ஏஜியூ ஃபியூஸில் இது அதிகம், காரணம் பிடிமானம் வெறும் ஸ்பிரிங் அழுத்தம். இரண்டு பக்கமும் திருகிப் பிடிக்கும் ஏஎன்எல் அல்லது மினி ஏஎன்எல் வாங்குங்கள்.

டிக்கியில் ஒரு 4 கேஜை இரண்டு ஆம்ப்புக்கும் பிரிக்க டிஸ்ட்ரிபியூஷன் பிளாக் வேண்டும். பிளாக்கிலிருந்து ஆம்ப்புக்கு 8 கேஜில் போவதானால் ஃபியூஸ் உள்ள பிளாக்காக எடுங்கள்: நான்கு சேனலுக்கு 50, மோனோவுக்கு 60. முன்னால் இருக்கும் 100 ஆம்பியர் ஃபியூஸ் 8 கேஜ் ஒயரைக் காக்காது என்பதுதான் காரணம். ஒயர் எங்கே மெலிகிறதோ அங்கே அந்த மெலிந்த ஒயருக்கேற்ற ஃபியூஸ், அவ்வளவுதான் விதி. டிக்கியில் இரண்டாவது பேட்டரி வைப்பவர்கள் இரண்டு பேட்டரி பக்கத்திலும் ஃபியூஸ் போட வேண்டும், ஷார்ட் ஆனால் இரு முனையிலிருந்தும் கரண்ட் பாயும்.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில். ஸ்பானர் பாடியில் பட்டாலும் பொறி வராது. ஏஎன்எல் ஃபியூஸ் ஹோல்டருக்கு வெளியே, உங்கள் பையில் இருக்கட்டும். எல்லா இணைப்பும் முடிந்த பிறகே அது உள்ளே போக வேண்டும். மஞ்சள் நிற உறையோ மஞ்சள் கனெக்டரோ உள்ள ஒயர் ஏர்பேக்கினுடையது, அதைப் பிரிக்க வேண்டாம், பக்கத்தில் ஒயர் கட்டவும் வேண்டாம். ஹைபிரிட், எலக்ட்ரிக் கார்களில் ஆரஞ்சு நிற ஒயர் உயர் வோல்ட்டேஜ். அதன் அருகில் கையே போகக்கூடாது.

ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் இடையில் உள்ள தகட்டை) கடக்க, முதலில் ஏற்கெனவே இருக்கும் ரப்பர் குரோமெட்டை (துளை விளிம்பை மூடும் ரப்பரை) தேடுங்கள். பெரும்பாலான கார்களில் மெயின் ஹார்னஸ் (காரின் ஒயர்க் கட்டு) நுழையும் பெரிய குரோமெட்டில் கூடுதல் ஒயருக்கு இடம் இருக்கும். கூரான ஊசியால் ரப்பரில் மட்டும் துளையிட்டு, கெட்டியான கம்பியில் ஒயரை டேப்பால் கட்டி இழுத்துவிடலாம். ஹார்னஸ் ஒயரைக் குத்திவிடாதபடி ஓரமாகக் குத்துங்கள். வேறு வழியே இல்லை, துளைதான் போட வேண்டும் என்றால் மறுபுறம் பிரேக் பூஸ்டர், ஏசி குழாய், பெடல், ஸ்டியரிங் தண்டு எதுவும் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகு போடுங்கள். துளையின் விளிம்பை அரத்தால் தேய்த்து, பெயின்ட் தொட்டு, குரோமெட் மாட்டிய பிறகே ஒயர் நுழையட்டும். வெறும் தகட்டு விளிம்பு ஒயர் உறையைச் சில மாதங்களில் அறுத்துவிடும், எஞ்சின் அதிர்வே ரம்பமாக வேலை செய்யும். குரோமெட்டுக்கு முன் ஒயரைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால் மழைநீர் வழிந்து அங்கேயே சொட்டிவிடும், உள்ளே வராது. பானெட்டுக்குள் எக்ஸாஸ்ட் பக்கம் போகாமல், 20–30 செ.மீ.க்கு ஒரு கட்டு கட்டுங்கள். எஞ்சினோடு சேர்த்துக் கட்டாதீர்கள், எஞ்சின் ஆடும்.

உள்ளே கதவு விளிம்பு பிளாஸ்டிக்குக்கு அடியில் பவர் ஒயர் ஒரு பக்கமாகவே போகட்டும். ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்கு இசையைக் கொண்டுபோகும் ஆர்சிஏ ஒயர் மறுபக்கமாகவோ நடுவிலோ போகட்டும். எங்காவது குறுக்கே கடக்க வேண்டி வந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். சீட் நகரும் தண்டவாளத்துக்கு அடியில் ஒயர் போகிறதா என்று சீட்டை முன்னும் பின்னும் முழுக்க நகர்த்திப் பாருங்கள். ஸ்டீரியோவோடு சேர்த்து ஆம்ப்பை ஆன் செய்யும் ரிமோட் ஒயருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை, அதில் ஓடுவது சில மில்லி ஆம்பியர்தான். 18 கேஜ் போதும், ஆர்சிஏவோடு சேர்ந்தே போகலாம். ஸ்டீரியோவில் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர்தான் பெரும்பாலும் ஆம்ப் ரிமோட்.

இப்போது எர்த். உங்கள் புரொடெக்ட், கீச்சொலி இரண்டு புகாரிலும் இதற்குப் பங்கு இருக்கிறது.

ஆம்ப்புக்குள் போன 80 ஆம்பியரும் திரும்பி பேட்டரிக்குப் போக வேண்டும். பாசிட்டிவுக்குத் தடித்த ஒயரும் எர்த்துக்கு மெல்லிய ஒயரும் போடுவது, நாலு வழிச் சாலையை ஒற்றையடிப் பாதையில் கொண்டுபோய் முடிப்பது போல. எர்த் ஒயர் பாசிட்டிவின் அதே கேஜ், நீளம் 45 செ.மீ.க்குள். எர்த்தில் ஃபியூஸ் கிடையாது.

சீட் பிராக்கெட் ஏன் மோசமான எர்த்? அது பாடியின் பகுதியே அல்ல, பாடிமேல் திருகி வைத்த தனித்துண்டு. அதற்கும் பாடிக்கும் இடையில் பெயின்ட், சில சமயம் ரப்பர், பசை. கரண்ட் போவது திருகின் மரை வழியாக மட்டும். சீட்பெல்ட் போல்ட்டையும் தொடாதீர்கள். அது உயிர் காக்கும் போல்ட், குறிப்பிட்ட இறுக்கத்தில் இருக்க வேண்டியது, இடையில் லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) செருகினால் அந்த இறுக்கம் மாறும். மெல்லிய தகட்டில் தானே மரை போட்டுக்கொள்ளும் திருகும் வேண்டாம். ஒரு மி.மீ.கூட வராத தகட்டில் ஒன்றிரண்டு மரைதான் பிடிக்கும்.

வெல்டிங்கால் பாடியோடு ஒன்றான, சற்றுக் கெட்டியான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். டிக்கித் தரையில் துளை போடுமுன் காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள்: பெட்ரோல் டேங்கும் பிரேக் குழாயும் அங்கேதான் ஓடுகின்றன. ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டத்துக்குப் பெயின்ட், அதற்கடியில் உள்ள பிரைமர், எல்லாவற்றையும் உப்புத்தாளால் தேய்த்து உலோகம் பளபளக்கும்வரை கொண்டுவாருங்கள். பிரைமர் சாம்பல் நிறத்தில் உலோகம்போலவே ஏமாற்றும், அதுவும் கரண்டைத் தடுக்கும். எம்8 போல்ட், அடியில் நட். லக் நேராக உலோகத்தின்மேல் உட்கார வேண்டும், அதற்குமேல் பல் வாஷர், அதற்குமேல் போல்ட் தலை. லக்குக்கும் பாடிக்கும் இடையில் சாதா வாஷர் எதுவும் வேண்டாம். நன்றாக இறுக்கிய பிறகு மேலும் அடியிலும் பெயின்ட் பூசுங்கள், இல்லாவிட்டால் துரு ஏறி ஓராண்டில் பழைய கதை திரும்பும். இரண்டு ஆம்ப்பும் ஒரே போல்ட்டில் எர்த் ஆகட்டும். அலுமினிய பாடி உள்ள காரில் மட்டும் புதுத் துளை போடாமல் கம்பெனியே விட்டிருக்கும் எர்த் போல்ட்டைப் பயன்படுத்துங்கள், இரு உலோகம் சேரும் இடத்தில் அரிப்பு வரும்.

லக் அடிப்பதில் குறடு வேண்டாம். 4 கேஜ் லக்கைக் குறட்டால் நசுக்கினால் பிடித்தது போல் இருக்கும், இழுத்தால் வரும். அறுகோண டை உள்ள ஹைட்ராலிக் கிரிம்ப்பர் நல்லது. கிடைக்காவிட்டால் சுத்தியலால் தட்டும் வகையாவது வேண்டும். அடித்த பிறகு முழுப் பலத்தோடு இழுத்துப் பாருங்கள். மேலே ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் உறை). ஆம்ப்பின் திருகு முனைக்குள் போகும் நுனியில் ஃபெரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகக் குழல்) மாட்டினால் இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொடும் ஆபத்து இல்லை. நுனியில் ஈயம் பூசித் திருகுக்குள் விடும் பழக்கம் பலருக்கு உண்டு, அதைச் செய்யாதீர்கள். அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கிக்கொண்டே போகும், திருகு தளரும்.

மறுமுனையையும் விடக்கூடாது. பாடியில் சேர்ந்த 80 ஆம்பியர் பேட்டரி நெகட்டிவுக்குப் போவது, கம்பெனி போட்ட ஒரு பாடி ஸ்ட்ராப் வழியாக. அது சிறியதாக இருந்தால் அங்கே நெரிசல். ஆல்டர்நேட்டர் பாசிட்டிவிலிருந்து பேட்டரி பாசிட்டிவுக்கு ஒன்று, பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கு ஒன்று, எஞ்சினிலிருந்து பாடிக்கு ஒன்று என்று மூன்று தடித்த ஒயரைக் கூடுதலாகப் போடுவதைத்தான் 'பிக் த்ரீ' என்கிறார்கள். பழையதைக் கழற்ற வேண்டாம், பக்கத்தில் சேர்த்தால் போதும். ஆல்டர்நேட்டர் ஒயரில் அதற்குரிய ஃபியூஸ் வேண்டும். புதிய கார்களில் பேட்டரி நெகட்டிவ் முனைமேலேயே ஒரு சென்சார் இருக்கும். கூடுதல் எர்த்தை நேரே முனையில் மாட்டினால் அந்தக் கரண்ட் சென்சாருக்குத் தெரியாமல் போய், சார்ஜிங் கணக்கு தப்பும். சென்சாரைத் தாண்டி, பாடி பக்கத்தில் மாட்டுங்கள்.

எல்லாம் சரியா என்பதை ஓம் மீட்டரில் பார்க்காதீர்கள். சாதாரண மல்டிமீட்டரின் புரோப் ஒயருக்கே 0.2 ஓம்வரை இருக்கும். நாம் தேடுவது 0.005 ஓம். கரண்ட் ஓடும்போது வோல்ட் பார்ப்பதுதான் சோதனை. எஞ்சினை ஓடவிட்டு, 50 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைச் சத்தமாக, சப்வூஃபர் சூடாகாதபடி சில விநாடிகள் மட்டும் போடுங்கள். மீட்டர் டிசி வோல்ட்டில். ஒரு புரோப் பேட்டரி பாசிட்டிவ் முனையில், மற்றது ஆம்ப்பின் பாசிட்டிவ் திருகில். எட்டாத தூரத்துக்கு எந்த மெல்லிய ஒயரையும் நீட்டிக்கொள்ளலாம், மீட்டர் கரண்ட் இழுக்காது என்பதால் அளவு மாறாது. இங்கே 0.4 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அடுத்து ஆம்ப் நெகட்டிவிலிருந்து பேட்டரி நெகட்டிவ்: 0.2-க்குள். கூடுதலாக வந்தால் பாதியாகப் பிரியுங்கள். ஆம்ப் நெகட்டிவுக்கும் பக்கத்தில் சுரண்டிய பாடிக்கும் இடையில் அளவு காட்டினால் கோளாறு உங்கள் எர்த்தில். பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையில் காட்டினால் முன்பக்க ஸ்ட்ராப்பில்.

உங்கள் புரொடெக்டுக்கும் இதுவே விளக்கம். மெல்லிய ஒயரில் 1.3 வோல்ட், சீட் பிராக்கெட்டில் இன்னொரு 0.8 வோல்ட் போனால், பேட்டரியில் 12.4 இருக்கும்போது ஆம்ப்புக்குக் கிடைப்பது 10.3. பல ஆம்ப்கள் 10 வோல்ட் அருகில் வந்ததும் தங்களை நிறுத்திக்கொள்ளும். ஹெட்லைட் மங்குவது வேறு வழக்கு: அது பேட்டரி முனையிலேயே வோல்ட் விழுவதைக் காட்டுகிறது, ஐடிலில் ஆல்டர்நேட்டர் தன் முழு அளவைக் கொடுக்காது. பிக் த்ரீயும் நல்ல பேட்டரியும் அதைக் குறைக்கும். கெப்பாசிட்டர் செய்யக்கூடியதைப் பாருங்கள்: 1 ஃபாரட் கெப்பாசிட்டர் 14.4-லிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது தருவது 2.4 கூலும். 80 ஆம்பியரில் அது 0.03 விநாடிக்குத் தாங்கும். ஒரு பேஸ் அடிக்கே போதாது.

கடைசியாகக் கீச்சொலி. எஞ்சின் வேகத்தோடு ஏறினால் அது ஆல்டர்நேட்டர் ஒலி. ஸ்டீரியோவின் எர்த்தும் ஆம்ப்பின் எர்த்தும் வேறு வேறு வோல்ட்டில் இருப்பதால், அந்த வித்தியாசம் ஆர்சிஏ ஒயரின் உலோக உறை வழியாக ஓடி இசையில் கலக்கிறது. எர்த்தைச் சரிசெய்ததும் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் எல்லாவற்றையும் அணைத்து ஆர்சிஏவை ஆம்ப்பிலிருந்து பிடுங்கிவிட்டு, அது இல்லாமலேயே மறுபடி ஆன் செய்யுங்கள். இப்போதும் ஒலி இருந்தால் ஆம்ப்பிலோ ஸ்பீக்கர் ஒயர் பாடியில் படுவதிலோ கோளாறு. இல்லாவிட்டால் ஆர்சிஏவிலோ ஸ்டீரியோ பக்கத்திலோ. இந்தச் சோதனையில் ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: பவர் இருக்கும்போது, ஆர்சிஏ மாட்டியிருக்கும்போது, ஆம்ப் எர்த்தைக் கழற்றுவது. திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் ஆர்சிஏ உறை வழியாக ஸ்டீரியோவுக்குள் பாயும், அதனுள் இருக்கும் நுண்ணிய எர்த் இணைப்பு எரிந்துபோகும். அதன்பிறகு எந்த எர்த்தைச் சரிசெய்தாலும் கீச்சொலி போகாது. உங்கள் ஆம்ப் இதற்குமுன் எர்த் தளர்ந்த நிலையில் ஓடியிருந்தால் இதையும் சந்தேகப்படுங்கள். ஒரு துண்டு ஒயரால் ஆர்சிஏவின் வெளி வளையத்தை ஸ்டீரியோவின் உலோகக் கூட்டோடு சேர்த்துப் பாருங்கள், ஒலி உடனே நின்றால் அதுதான்.

மாட்டி இரண்டு வாரம் ஓட்டிய பிறகு, பேட்டரி முனை, ஃபியூஸ் ஹோல்டர், பிளாக், ஆம்ப் திருகு, எர்த் போல்ட் எல்லாவற்றையும் மறுபடி ஒரு சுற்று இறுக்குங்கள். இழைகள் அழுந்திப் படிந்து, பெரும்பாலும் கால் சுற்று இடம் கொடுத்திருக்கும்.